டெராஃப்ளொப்பும் பல்லி முட்டையும்

வாசகர் கேள்வி பதில்

மார்கழி லீவுக்கு வெளிநாட்டு ஆக்கள் வந்திறங்கும் காலம். போன மாதம் போன் பற்றரி பற்றி எழுதிவிட்டு, வேறு கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "மாமா வாறார், என்ன கேம் மெஷின் கொண்டுவரச் சொல்ல?" என்ற ஒரே கேள்விதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. ஆகவே இந்தமுறை முழுக்கக் கேம்தான். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள், பிரிண்டர் மை காய்ந்துபோன சுன்னாகத்து ஐயா உட்பட, அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து வரும் மாமா சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) அல்லது மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ், இரண்டில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எக்ஸ்பொக்ஸ் 12 டெராஃப்ளொப், பிஎஸ்5 வெறும் 10, ஆகவே எக்ஸ்பொக்ஸ்தான் பலம் என்கிறான் கூடப் படிப்பவன். எதைச் சொல்ல?
— உயர்தர மாணவன், மானிப்பாய்

தம்பி, உம்முடைய சிநேகிதன் சொன்ன இலக்கம் சரி. டெராஃப்ளொப் என்றால் விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி கணக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டால் அதைக் கண்டு மிரளத் தேவையில்லை. பிஎஸ்5 இல் படம் வரையும் சிப்பில் 36 கணக்கு அலகுகள் இருக்கின்றன, ஒவ்வோர் அலகிலும் 64 சின்னக் கோர்கள், ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்கு, விநாடிக்கு 223 கோடி துடிப்பு, அதாவது 2.23 கிகாஹேர்ட்ஸ். எல்லாவற்றையும் பெருக்கும், 10.28 டெராஃப்ளொப் வரும். சீரீஸ் எக்ஸில் 52 அலகுகள், ஆனால் துடிப்பு 1.825 கிகாஹேர்ட்ஸ்தான். பெருக்கினால் 12.15. ஒரு தோட்டத்தில் 52 பேர் ஆறுதலாக வெங்காயம் நடுகிறார்கள், பக்கத்துத் தோட்டத்தில் 36 பேர் கைச்சுறுக்காக நடுகிறார்கள் என்று வையும். 52 பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை பிரித்துக் கொடுக்கத் தோட்டக்காரருக்குத் தெரிந்தால் அந்தத் தோட்டம் முந்தும், தெரியாவிட்டால் கொஞ்சப் பேர் வரம்பில் இருந்து வெற்றிலை போடுவார்கள். இங்கே தோட்டக்காரர் என்பது கேமை எழுதுகிற ஆக்கள்.

மற்றப்படி இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி. இரண்டுக்கும் சிப் வடிவமைத்தது ஏஎம்டி என்ற நிறுவனம், இரண்டிலும் அதே ஸென் 2 வகை எட்டுக் கோர் புரொசெசர், இரண்டிலும் 16 ஜிபி மெமரி, கடைக்கு வந்ததும் 2020 நவம்பரில் இரண்டு நாள் இடைவெளியில். மெமரியில் ஒரு சின்ன வித்தியாசம்: பிஎஸ்5 இல் 16 ஜிபியும் ஒரே வேகம், எக்ஸ்பொக்ஸில் 10 ஜிபி அதைவிட வேகம், மிச்சம் 6 ஜிபி அதைவிட மெதுவு. பிஎஸ்5 முந்துகிற இடம் எஸ்எஸ்டி, அதாவது கேமைச் சேமித்து வைக்கும் பகுதி. விநாடிக்கு 5.5 ஜிபி வாசிக்கும், எக்ஸ்பொக்ஸ் 2.4. காகிதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் விளையாடும்போது, ஒன்று நாலு விநாடியில் திறக்கும், மற்றது ஆறோ ஏழோ விநாடியில் திறக்கும், அந்த இடைவெளியில் நீர் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கீழே வைத்திருக்க மாட்டீர். இரண்டிலும் வருகிற ஒரே கேமை இரண்டு ரீவியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், படத்தை நிறுத்தி, பெருப்பித்து, புல்லையும் நிழலையும் எண்ணிப் பார்க்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பலம் கூடின மெஷின்தான் வெல்லும் என்றால் 2006 இல் பிஎஸ்3 வென்றிருக்க வேண்டும். செல் என்ற பெயரில் அப்போது எல்லாரும் வாய்பிளந்த புரொசெசர், புளூ-ரே, அமெரிக்காவில் மேல் மொடல் 599 டொலர். அதே மாதம் வந்த நின்டெண்டோவின் வீ, சக்தியில் பிஎஸ்3க்குக் கிட்டவும் நிற்காது, ஆனால் கையை வீசி டெனிஸ் விளையாடலாம் என்பதால் பேரன் முதல் அம்மம்மா வரை பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் வீ 10 கோடிக்கு மேல் விற்றது, பிஎஸ்3 ஒன்பது கோடியைத் தொடவில்லை. (அந்தக் கார்த்திகையில் உலகம் பிஎஸ்3க்கு வரிசையில் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி மூடியிருந்ததால் நாங்கள் சங்கக்கடையில் சீனிக்கு நின்றோம். ஆகவே இந்தச் சண்டையை நான் பிறகு வாசித்துத்தான் அறிந்தேன்.)

சரி, உம்முடைய விஷயத்துக்கு வருவோம். நான் கேட்பது ஒன்றுதான்: உம்முடைய சிநேகிதர்கள் எந்த மெஷின் வைத்திருக்கிறார்கள்? இங்கே ஒரு புதுக் கேமின் விலைக்கு ஒருவன் மாதம் முழுக்க ரியூசனுக்குப் போகலாம். அதனால் எங்கள் பெடியள் செய்வது டிஸ்க்கை மாற்றுவது. ஒருவன் கிரிக்கெட் வாங்குவான், இன்னொருவன் கார் ஓட்டம், மூன்றாமவன் சுடுகிற கேம், பிறகு அது கொக்குவில், இணுவில், மருதனார்மடம் என்று சைக்கிளில் சுற்றும். என் திருத்தும் மேசைக்கு வருபவற்றில் பிளேஸ்டேஷன்தான் கூட, எக்ஸ்பொக்ஸ் அருமை. உம்முடைய வட்டமும் அப்படித்தான் என்றால் பிஎஸ்5. 12 பெரிதா 10 பெரிதா என்பதைவிட ஐந்து பேரிடம் ஐந்து டிஸ்க் இருப்பது பெரிது. எக்ஸ்பொக்ஸில் மட்டும் கிடைக்கும் என்று முன்பு பெருமையாகச் சொன்ன கேம்களும் இப்போது இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. ஃபோர்ஸா ஹொரைசன் 5, கியர்ஸ் ஒஃப் வோர் ரீலோடட் இரண்டும் 2025 இலேயே பிஎஸ்5க்கு வந்தன. ஹேலோவையும் அதே வருடம் அறிவித்தார்கள். இந்தப் பக்கத்துக் கேம்கள் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை.

மாமாவுக்குச் சொல்லும்போது "டிஸ்க் போடுகிற பிஎஸ்5" என்று அழுத்திச் சொல்லும். டிஜிட்டல் என்று எழுதியதை மலிவு என்று நினைத்து வாங்கிவிடுவார், பிறகு சைக்கிள் சுற்றில் நீர் இல்லை. 2023 இல் வந்த மெலிந்த மொடல் என்றால் டிஸ்க் பகுதியைத் தனியாக வாங்கிப் பூட்டலாம், முதல்முறை பூட்டும்போது இன்டர்நெட் இருக்க வேண்டும். 2020 இன் பழைய டிஜிட்டல் மொடலில் அதற்கும் வழியில்லை. புரோ மொடல் வேண்டாம். 60 அலகு, 16.7 டெராஃப்ளொப், 2 டிபி என்று பெட்டி நன்றாகத்தான் கதைக்கும், ஆனால் 700 டொலரில் வந்த அதற்கும் டிஸ்க் பகுதி புறம்பாக வாங்க வேண்டும், வீட்டில் 4கே ரீவி இல்லாவிட்டால் அந்தக் காசில் பெரும்பகுதி உம்முடைய கண்ணுக்கே வராது.

வோல்ட்டையும் பாரும். கனடாவில் 120, இங்கே 230. மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மாமாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். 100–240 என்று இருந்தால் கவலையில்லை, வயரை மட்டும் இங்கே மாற்றலாம், பழைய ரேடியோ செட்டுக்குக் குத்துகிற அதே எட்டு வடிவ வயர்தான், எந்தக் கடையிலும் இருக்கும். எக்ஸ்பொக்ஸ் 360 காலத்தில் செங்கல் மாதிரி ஒரு பவர் பெட்டி வெளியே தொங்கும், அங்கத்தைய 110 வோல்ட் பெட்டியை இங்கே நேரே குத்திப் புகை வரவைத்த குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். கடைசியாக, இலங்கைக்கென்று பிளேஸ்டேஷன் ஸ்டோர் இல்லை. டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், ஆனால் அதற்குப் பிறகு காசு கட்டி எடுக்கும் மேலதிகச் சாமான்களுக்கு டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் பொருந்த வேண்டும். மாமா கனடா டிஸ்க் கொண்டுவந்தால் கணக்கையும் அந்தப் பக்கத்திலேயே திறவும், மாமா நிற்கும்போதே.

கேள்வி: மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. இரண்டு பேருக்கும் சண்டை வராமல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறோம். ஜப்பானில் இருக்கும் தம்பி அங்கே நல்ல மலிவு என்கிறார். வாங்கி அனுப்பச் சொல்லவா?
— ஆசிரியை, கோப்பாய்

ரீச்சர், அவசரப்பட்டு அனுப்பச் சொல்லாதீர்கள்! ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு விதம். உங்கள் தம்பி பார்த்தது 2025 இல் 49,980 யென்னுக்கு வந்தது. அதில் மெஷினின் மொழி ஜப்பானிய மொழி மட்டும்தான், மாற்ற முடியாது, ஜப்பான் என்று பதிந்த நின்டெண்டோ கணக்கைத் தவிர வேறு கணக்கையும் ஏற்காது. எல்லா மொழியும் உள்ளது அப்போது 69,980 யென். அந்த இருபதாயிரத்தை மிச்சம் பிடித்தால் பிள்ளைகள் ஜப்பான் எழுத்துப் படிக்க வேண்டிவரும், அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

மெஷின் நல்ல மெஷின். 2025 ஜூனில் வந்தது, என்விடியா சிப், 12 ஜிபி மெமரி, முதல் ஸ்விட்ச்சில் 4 ஜிபிதான். திரை 7.9 அங்குலம். டொக் என்ற தாங்கியில் வைத்து ரீவியில் கொடுத்தால் 4கே வரை போகும். பிஎஸ்5 கூட்டத்தோடு ஒப்பிட்டால் பலம் குறைவு, உண்மை, ஆனால் அந்த மெஷின்கள் செய்யாத ஒன்றை இது செய்யும்: கரண்ட் போனாலும் ஓடும். உங்கள் பக்கத்தில் கரண்ட் போவது எனக்குத் தெரியும். பெரிய மெஷினில் ஒருவன் கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் வீட்டில் ஒரு செத்தவீட்டு அமைதி வரும். இதில் திரையைப் பார்த்து அப்படியே தொடரலாம். பற்றரி கேமைப் பொறுத்து இரண்டு மணித்தியாலத்திலிருந்து ஆறரை வரை என்று நின்டெண்டோவே சொல்கிறது, பாரமான கேம் என்றால் இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் குறைவு. பிஎஸ்5 விளையாடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும், அதாவது ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட். ஸ்விட்ச் 2 உடன் வரும் அடப்டரே 60 வாட்தான்.

சண்டை வராது என்று மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பக்கத்தில் கழரும் இரண்டு துண்டையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் சில கேம்களை இருவரும் சேர்ந்து விளையாடலாம். உங்கள் போனில் ஒரு ஆப் போட்டு, நாளுக்கு இத்தனை நேரம் என்று பூட்டவும் முடியும். மகன் அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பழைய மெமரி கார்ட் அங்கே இங்கே கிடக்கும், அதைப் போடலாம் என்று நினைப்பீர்கள். ஸ்விட்ச் 2 கேம்களுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைதான் வேண்டும், விலை கூட. மற்றது, கேம் பெட்டியின் முன்பக்கத்தில் அடியில் "கேம் கீ கார்ட்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் கார்ட்டுக்குள் கேம் இல்லை, திறப்பு மட்டும்தான். முழுக் கேமையும் இன்டர்நெட்டில் இறக்க வேண்டும், இறக்கின பிறகும் கார்ட்டைக் குத்தினால்தான் ஓடும். காசு கொடுத்துப் பெட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து திரும்ப டேட்டாவுக்கும் காசு. இதைக் கண்டுபிடித்த ஆளை நான் ஒருமுறை நேரில் காண வேண்டும்.

கேள்வி: எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எஸ் ஒன்று பாவித்தது மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
— சாவகச்சேரி வாசகர்

வீட்டில் வேகமான, அளவில்லாத லைன் இருக்கிறதா? இல்லாவிட்டால் விடுங்கள். அதில் டிஸ்க் போட இடமே இல்லை, எல்லாம் இறக்க வேண்டும், இப்போது ஒரு பெரிய கேம் 100 ஜிபியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. முதல் மொடலின் 512 ஜிபியில் கேமுக்கு மிஞ்சுவது 364 ஜிபி, ஆக மூன்று பெரிய கேம் போட்டால் நிறைந்துவிடும். 4 டெராஃப்ளொப், 10 ஜிபி மெமரி. டெராஃப்ளொப் குறைவை விடுங்கள், படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிச் சமாளிப்பார்கள், மெமரி குறைவுதான் உண்மையான கரைச்சல். பல்டர்ஸ் கேட் 3 என்ற கேம் 2023 இல் பிஎஸ்5க்கு வந்து சில மாதம் கழித்துத்தான் எக்ஸ்பொக்ஸுக்கு வந்தது, திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை இந்தச் சின்ன மெஷினுக்கு ஓடவைக்க முடியாமல் அது இல்லாமலேயே வெளியிட்டார்கள். மாதச் சந்தாவில் கேம் எடுக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி, ஆனால் மேல் சந்தாவை 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் 20 டொலரிலிருந்து 30 ஆக்கினார்கள். இப்போதைய விலையைக் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: பிஎஸ்5 வாங்கி இரண்டு வருடம். இப்போது ஹெலிகொப்டர் மாதிரிச் சத்தம், அரை மணித்தியாலத்தில் சூடு கூடிவிட்டது என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. வீடு கடற்கரைக்குக் கிட்ட. சிப் பழுதா?
— பருத்தித்துறை வாசகர்

சிப் பெரும்பாலும் பழுதாகியிருக்காது, காற்றுப்பாதைதான். போன கிழமை உங்கள் பக்கத்திலிருந்தே ஒன்று வந்தது. வெள்ளைப் பலகை இரண்டையும் இழுத்துக் கழற்றினேன். விசிறி இதழ்களில் தூசு சாம்பல் நிறத்தில் பஞ்சுமாதிரிப் படிந்து, கடல் காற்றின் ஈரத்தில் ஊறி, காய்ந்து, விரலால் சுரண்டினால் தகடாகக் கழன்றது. அதற்குக் கீழே, விசிறியின் ஓரத்தில், இரண்டு பல்லி முட்டை. ஒன்று வெடித்துக் கோது மட்டும். மற்றது முழுசாக, வெள்ளையாக, சுண்டுவிரல் நகமளவு. பல்லியைக் குறை சொல்ல மாட்டேன். எந்நேரமும் இளஞ்சூடு, இருட்டு, பூனை வராது, இதைவிட நல்ல வீடு அதற்கு எங்கே கிடைக்கும்? இரவில் மெஷினை முழுசாக நிறுத்தாமல் உறக்க நிலையில் விடுகிறவர்கள் அதற்குக் கணப்பும் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

பக்கப் பலகையை நீங்களே கழற்றலாம், திருகாணி இல்லை. உள்ளே தூசு சேர்வதற்கென்றே இரண்டு ஓட்டை வைத்திருக்கிறார்கள், அதில் வக்யூம் பிடியுங்கள். விசிறி இதழ்களைப் பழைய பெயின்ட் பிரஷால் மெல்லத் தட்டுங்கள், இதழைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகாணி கழற்ற வேண்டாம், ஏனென்றால் பிஎஸ்5 இல் சிப்புக்கும் சூடு இழுக்கும் உலோகத்துக்கும் இடையில் பசை இல்லை, திரவ உலோகம். அது மின்சாரம் கடத்தும். பாதரசம் மாதிரி ஒரு சொட்டு உருண்டு பலகையில் விழுந்தால், காற்றுப்பாதைக்காகத் திறந்த மெஷின் உண்மையாகவே சிப் பழுதாகி முடியும்.

வைக்கும் இடத்தையும் பாருங்கள். ரீவி அலுமாரிக்குள் கண்ணாடிக் கதவு பூட்டி வைப்பது எங்கள் ஆக்களின் வழக்கம், விலை கூடின சாமான் என்ற மரியாதை. அதற்கு மூச்சு முட்டும். வெளியே எடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாவிக்காத நேரம் துணி போட்டு மூடுகிறவர்கள், போடும்போது துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள், அதையும் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பிஎஸ்6 வரப்போகுதாமே. பொறுத்து வாங்குவது நல்லதா?
— பலர்

ஏஎம்டியும் சோனியும் 2025 ஒக்டோபரில் ஒரு வீடியோ போட்டார்கள், அடுத்த தலைமுறைக்கு என்று. ஒளி எப்படித் தெறிக்கும் என்பதைக் கணக்குப் போடத் தனிப் பகுதி, இயந்திரக் கற்றல் மூலம் படத்தைப் பெருப்பிக்கிற பகுதி, மெமரிக்குள் போகிற எல்லாவற்றையும் சுருக்கி அனுப்பும் வழி என்று மூன்று விஷயம். அந்த வீடியோவில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, விலையும் இல்லை. மைக்ரோசொஃப்ட்டும் அடுத்த மெஷினுக்கு அதே ஏஎம்டியோடுதான் கைகோத்திருக்கிறது, ஆகவே அப்போதும் இந்த 12, 10 சண்டை இன்னொரு இலக்கத்தில் நடக்கும். பொறுத்தால் பழையது மலியும் என்ற பழைய கணக்கும் இப்போது சரிவராது. முன்பெல்லாம் ஒரு கொன்சோல் வந்து ஐந்து வருடத்தில் பாதி விலைக்கு இறங்கும். 2020 இல் அமெரிக்காவில் 500 டொலருக்கு வந்த பிஎஸ்5, 2025 ஓகஸ்டில் 550. நிலம் மாதிரி ஏறுகிறது. வேண்டும் என்றால் வாங்குங்கள், படிப்பு இருக்கிறது என்றால் படியுங்கள், பிஎஸ்6 ஐக் காரணம் காட்டாதீர்கள்.

கேள்வி: பிஎஸ்5 இல் சீடி போட்டுப் பாட்டுக் கேட்கலாமா? பேரன் ஓம் என்கிறான். என்னிடம் நாதஸ்வரக் கச்சேரி சீடிகள் ஒரு பெட்டி இருக்கின்றன.
— ஓய்வுபெற்ற அதிபர், நல்லூர்

ஐயா, கேட்க முடியாது. புளூ-ரே ஓடும், டிவிடி ஓடும், பாட்டுச் சீடியை மட்டும் பிஎஸ்5 வாசிக்காது, பிஎஸ்4 உம் அப்படித்தான். படம் பார்ப்பதென்றாலும் டிவிடிக்கு நாட்டு வலயம் உண்டு, வெளிநாட்டில் வாங்கின மெஷின் உங்களிடமுள்ள டிஸ்க்கை மறுக்கலாம். உங்கள் பழைய சீடி செட்டைக் கொடுத்துவிடாதீர்கள். பேரனுக்கு ஓம் சொல்வதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது போலத் தெரிகிறது, விசாரியுங்கள்.

கேள்வி: எல்லாரும் புதுசைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் இருப்பது பிஎஸ்2. டிஸ்க் வாசிக்கவில்லை. எறியவா?
— வேலணை வாசகர்

எறிந்தீர்களோ, நான் வேலணைக்கே வந்து பொறுக்குவேன். உலகத்தில் 16 கோடிக்கு விற்ற மெஷின் அது, வீட்டுக் கொன்சோலில் அதை முந்தியது இன்னும் இல்லை. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களிடமுள்ள டிஸ்க்குகளைத் திருப்பிப் பாருங்கள், சிலது அடியில் நீலம், சிலது வெள்ளி. நீலம் சீடி, வெள்ளி டிவிடி. நீலம் ஓடி வெள்ளி ஓடாவிட்டாலோ, மறுவளமாக நடந்தாலோ, லேசர் களைத்துப்போயிருக்கிறது, அளவைக் கொஞ்சம் கூட்டி இன்னும் சில வருடம் ஓட்டலாம். இரண்டும் ஓடாவிட்டால் பெரும்பாலும் லென்ஸில் அழுக்கு, பத்து நிமிட வேலை.

கொண்டுவரும்போது மெமரி கார்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். 8 எம்பிதான், இப்போது ஒரு போன் படத்துக்கே அது காணாது. ஆனால் போன மாதம் ஒருவர் அதைக் குத்தியபடியே கொண்டுவந்து தந்தார், நான் சாப்பிடப் போன நேரம் என் மருமகன் சோதித்துப் பார்க்கிறேன் என்று இருந்து, அவர் பத்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த கிரிக்கெட் தொடருக்கு மேலே தன்னுடைய கேமைச் சேமித்துவிட்டான். மெஷின் இப்போது நன்றாக வாசிக்கிறது. அவர்தான் என்னோடு கதைப்பதில்லை.